ஹெட்போன் ஆம்ப்: வால்வா டிரான்சிஸ்டரா என்பது இரண்டாவது கேள்வி

ஹெட்போனுக்குப் பவர் கூட்டிக் கொடுக்கிற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாமா, வாங்கினால் பழைய ரேடியோவில் எரிகிற கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு வாங்கலாமா டிரான்சிஸ்டர் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கையில் என்ன ஹெட்போன் இருக்கிறது? பாதிப் பேருக்கு அதோடு விஷயம் முடிந்துவிடும். அவர்களிடம் இருப்பது போனிலேயே நன்றாகப் பாடுகிற இயர்போன், அதற்குப் போய் ஆம்ப் வாங்குவது காசைக் கரியாக்குவது. ப்ளூடூத்தில் கேட்கிறவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம், ஆம்ப் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது.

மீதிப் பாதிப் பேருக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளைப் பக்கம். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல், திருவனந்தபுரம் 30 சொச்சம், ஆனால் எந்தப் பக்கம் போனாலும் நாலு ஆம்பை மேஜையில் வைத்து, நம் ஹெட்போனைச் செருகிப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டு வருகிற வசதி நம்மில் பலருக்கு இல்லை. பெட்டியில் வருவதுதான். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் வாங்கும் முன்னே காகிதத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுவிடுவது நல்லது. பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட ஒன்றுமில்லை.

ஹெட்போனைப் பற்றிய விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு ஹெட்போன் காட்டுகிற தடை, ஓமில் சொல்வார்கள். இன்னொன்று சென்சிடிவிட்டி, அதாவது 1 மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் எத்தனை வோல்ட் வேண்டும், எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம். உச்சத்துக்கு 110 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காது போய்விடாதா என்று கேட்பீர்கள். அது தவிலில் கம்பு விழுகிற அந்த நொடிக்காக ஒதுக்குகிற இடம், நீங்கள் சராசரியாகக் கேட்பது 75-லிருந்து 80-க்குள்தான் இருக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு.

இப்போது சென்ஹைசர் எச்டி 600-ஐ எடுங்கள். 300 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபல். 110-க்குப் போக இன்னும் 13 டெசிபல் வேண்டும். 10 டெசிபலுக்குப் பவர் பத்து மடங்கு, 3 டெசிபலுக்கு இரண்டு மடங்கு, ஆக 20 மடங்கு, 20 மில்லிவாட். 300 ஓமில் 20 மில்லிவாட் என்றால் சுமார் 2.45 வோல்ட், கரண்ட் 8 மில்லிஆம்பியர். அவ்வளவுதான். அடுத்து ஹைஃபைமேன் சுந்தரா போல ஒன்று, 32 ஓம், 94 டெசிபல். அதற்கு 40 மில்லிவாட் வேண்டும், ஆனால் வோல்ட் 1.13 போதும், கரண்ட்தான் 35 மில்லிஆம்பியர். ஹைஃபைமேனின் பழைய எச்இ-6 என்று ஒரு முரட்டு ஆசாமி உண்டு, 50 ஓம், 83.5 டெசிபல். அதற்கு 450 மில்லிவாட், 4.7 வோல்ட், கிட்டத்தட்ட 95 மில்லிஆம்பியர். அதை வைத்துக்கொண்டு போனில் கேட்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, எச்டி 600 கேட்பது வோல்ட், சுந்தரா கேட்பது கரண்ட். வால்வு வோல்ட்டைத் தாராளமாகத் தரும், கரண்ட் தருவதற்குத்தான் அதற்கு மூச்சு வாங்கும். டிரான்சிஸ்டருக்கு இரண்டும் சுலபம். வால்வா டிரான்சிஸ்டரா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. சுந்தரா மாதிரி 32 ஓம் பிளானர் ஹெட்போன் (கூம்புக்குப் பதில் தட்டையான மெல்லிய படலம் அதிர்கிற வகை) வைத்திருப்பவர் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (வோல்ட்டைக் குறைத்துக் கரண்ட்டைக் கூட்டித் தருகிற சுருள்) இல்லாத வால்வு ஆம்ப் பக்கமே திரும்ப வேண்டாம்.

சென்சிடிவிட்டியில் ஒரு ஏமாற்று உண்டு. சில கம்பெனிகள் 1 மில்லிவாட்டுக்குச் சொல்லாமல் 1 வோல்ட்டுக்குச் சொல்வார்கள், எண் பெரிதாகத் தெரியும். ஏகேஜி கே702-க்கு 105 என்று போட்டிருப்பதைப் பார்த்து நல்ல சத்தமாகப் பாடும் போல என்று நினைக்கத் தோன்றும். அது 1 வோல்ட்டுக்கு. 62 ஓமில் 1 வோல்ட் என்றால் 16 மில்லிவாட், அதாவது 12 டெசிபலைக் கழிக்க வேண்டும், ஆக 93. ஒரே மில்லிவாட்டுக்கு எச்டி 600-ஐவிடச் சத்தம் குறைந்த ஆள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது இரண்டு எண்ணும் ஒரே அளவில்தான் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு பலருக்கு ஆம்பே வேண்டாம் என்று ஆகிவிடும். போனில் செருகுகிற, 1 வோல்ட் தருகிற சின்ன யுஎஸ்பி-சி டாங்கிள் ஒன்று எச்டி 600-ஐ 102 டெசிபல் வரை கொண்டுபோகும், சினிமாப் பாட்டுக்கு அது தாராளம். பழைய கச்சேரிப் பதிவு, ரொம்ப மெல்லப் பதிந்திருப்பார்கள், அங்கேதான் போதாமல் போகும். டாங்கிளில் வால்யூமை முழுக்க வைத்தும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை தேடினால் அப்போது ஆம்ப் வாங்குங்கள், அதுவரை வேண்டாம்.

அவுட்புட் இம்பீடன்ஸ் என்ற விஷயம்

வால்வு ஒலி இதமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, டிரான்சிஸ்டர் வறண்டு கிடக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். பொய் இல்லை. வித்தியாசம் கேட்கத்தான் செய்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் சண்டை. என் கருத்து, அதில் பெரும்பகுதி வால்வுக்குள்ளிருந்து வருவதில்லை, ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸிலிருந்து வருகிறது.

ஆம்ப் தன் வாசலிலேயே கொஞ்சம் தடையை வைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் அது 1 ஓமுக்கும் கீழே. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்பில் 100 ஓம் பக்கம் இருக்கும், கூடவும் இருக்கும். ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருந்தால் இதனால் சத்தம் குறையுமே தவிர குணம் மாறாது. ஆனால் எச்டி 600-ஐ 300 ஓம் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான், 80, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது 500 ஓமுக்கு ஏறிவிடும். ஆம்பில் 100 ஓம் இருந்தால் நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவது 400-ல் 300 பங்கு, அதாவது 0.75. அடிப்பகுதிக்கு 600-ல் 500 பங்கு, 0.83. வித்தியாசம் கிட்டத்தட்ட 0.9 டெசிபல். மிருதங்கத்தின் தொப்பி, பாஸ் கிட்டார், ஆண் குரலின் அடி எல்லாம் ஒரு துளி தூக்கி நிற்கும். அதைத்தான் காது இதம் என்கிறது.

அதே ஆம்பில் 32 ஓம் சாதா ஹெட்போனைச் செருகினால் கதை வேறு. அடியில் 60 ஓமுக்கு ஏறுகிற ஹெட்போன் என்று வைத்துக்கொண்டால் ஏற்றம் 3.8 டெசிபல். அது இதம் இல்லை, டமடம. பிளானர் ஹெட்போன்களில் இம்பீடன்ஸ் மேல் கீழ் போகாமல் ஒரே அளவில் கிடக்கும், அதனால் அவற்றுக்கு வால்வின் இந்த மாயம் எதுவும் நடக்காது. பல டிரைவர் (உள்ளே ஒலி எழுப்புகிற சின்ன ஸ்பீக்கர்) வைத்த இயர்போன்களுக்கு 1 ஓமுக்கு மேலே போனாலே குணம் கெட்டுவிடும். பொதுவாக எல்லாரும் சொல்கிற கணக்கு, ஆம்பின் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 300 ஓமுக்கு 37, 32-க்கு 4. நான் அதை ஒத்துக்கொள்கிறேன், தெரிந்தே மீறுகிறவர்கள் மீறிக்கொள்ளட்டும்.

வால்வு வாங்கும் முன் இரண்டு ரெசிஸ்டர் வாங்குங்கள்

இந்த மொத்தக் கட்டுரையில் நீங்கள் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டென்றால் இதுதான். 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் இரண்டு, ஒரு 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், ஒரு பெண் சாக்கெட், ஒரு முழம் மூன்று கம்பி ஒயர். டிவி பழுது பார்க்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும், நூறு ரூபாய்கூட ஆகாது. பின்னின் நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடி பொது. நுனிக்கும் சாக்கெட்டின் இடதுக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர், வளையத்துக்கும் வலதுக்கும் நடுவில் இன்னொன்று, பொது ஒயரை நேராகச் சால்டர் செய்துவிடுங்கள். அதில் ரெசிஸ்டர் போட்டால் இடமும் வலமும் கலந்து குழம்பும். கால்கள் ஒன்றையொன்று தொடாமல் ஸ்லீவ் போடுங்கள், ஒன்று தொட்டுக்கொண்டால் ஆம்பின் ஒரு சேனல் பாவம்.

டிரான்சிஸ்டர் ஆம்பிலோ டாங்கிளிலோ இதைச் செருகி, இதில் ஹெட்போனைச் செருகுங்கள். எச்டி 600 என்றால் சத்தம் 2.5 டெசிபல் குறையும், அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்போது நீங்கள் கேட்பது வால்வு ஆம்பின் குணத்தில் முக்கால்வாசி. பிடித்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், இல்லை அந்த மீதிக் கால்வாசியும் வேண்டும், கண்ணாடிக்குள் எரிகிற அந்த ஆரஞ்சு வெளிச்சமும் வேண்டும் என்றால் வாங்கலாம், அதில் தப்பே இல்லை.

என் மாமா ஒருவர் ஒரு காலத்தில் வால்வு ரேடியோ பழுது பார்த்தவர். இந்தக் கம்பியை ஒளித்துவைத்து, சேர்த்தும் சேர்க்காமலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வைத்தேன், சத்தம் சமமாக வைத்துத்தான். ஒன்றைக் கேட்டதும் ஹெட்போனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இது வால்வுதாம் மக்கா, பழைய ரேடியோ கணக்கா அடி முழக்கம் நிக்குது" என்றார். அது ரெசிஸ்டர் போட்டது. வால்வு அந்த அறையிலேயே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை, ரெசிஸ்டரை வாங்கிக் கலர் கோடுகளைப் படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ நான் கேட்டது சரிதானே" என்றார். சரிதான்.

இதையே பெரிய அளவில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1985-ல் அமெரிக்காவில் பாப் கார்வர் என்ற எஞ்சினியர், விலை குறைந்த தன் டிரான்சிஸ்டர் ஆம்பை, ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றைப் போலவே பாட வைக்கிறேன் என்று பந்தயம் கட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் வருவதைக் குறைத்துக்கொண்டே போனார். அவுட்புட் இம்பீடன்ஸையும் அதற்கு ஒத்தபடி மாற்றினார். கடைசியில் பத்திரிகைக்காரர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கர் ஆம்ப்தான் அது, ஆனால் நியாயம் ஒன்றே.

சரி, மீதிக் கால்வாசி என்ன? அது ஹார்மானிக் டிஸ்டார்ஷன். வால்வில் கேத்தோடு சூடாகி எலக்ட்ரானை விடுகிறது, நடுவில் இருக்கும் கிரிட் அதைக் கூட்டிக் குறைக்கிறது, பிளேட் வாங்கிக்கொள்கிறது. லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1906-ல் அந்தக் கிரிட்டைச் சேர்த்த நாளிலிருந்து அதே வேலைதான். இந்தக் கூட்டல் குறைத்தல் நேர்கோட்டில் நடப்பதில்லை, மேல் பாதியும் கீழ் பாதியும் லேசாக வேறுபடும், அதனால் உள்ளே போன ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கும் சேர்ந்து வரும். ஸட்ஜம் போனால் மேல் ஸட்ஜம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அது சுருதிக்குள் இருக்கிற ஸ்வரம் என்பதால் காதை உறுத்தாது. மூன்று மடங்கு மேல் ஸ்தாயிப் பஞ்சமம், அதுவும் தம்பூராவில் கேட்டுப் பழகியதுதான். ஏழு, ஒன்பது என்று போனால்தான் கரகரப்பு.

ஆனால் அளவு என்று ஒன்று உண்டு. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் இந்தக் கலப்பு 0.001 சதவீதத்துக்கும் கீழே. சாதாரண வால்வு ஆம்பில் 0.1-லிருந்து 1 சதவீதம். 0.1 சதவீதம் என்றால் பாட்டைவிட 60 டெசிபல் கீழே. இரண்டாவது ஹார்மானிக்காக மட்டும் இருந்தால் முழு வாத்தியக் கூட்டத்துக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்கிற காதை நான் பார்த்ததில்லை. 1 சதவீதத்தை நெருங்கும்போது, தனிக் குரலிலோ தனி வீணையிலோ, ஆம், தெரியலாம். டிரான்சிஸ்டர் வறட்சி என்று சொல்வது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கெட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்களைப் பார்த்துச் சொன்னது, அது இன்னும் வாயில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. 2011-ல் பெயர் சொல்லாத ஒரு எஞ்சினியர் ‘ஆப்ஜெக்டிவ் 2’ என்ற ஆம்பின் வரைபடத்தைச் சும்மா இணையத்தில் போட்டார், சாதாரண ஐசிகளை வைத்தே டிஸ்டார்ஷனைக் காதுக்கு எட்டாத ஆழத்துக்குத் தள்ளலாம் என்று அளந்து காட்டினார். அதற்கப்புறம் கம்பெனிகளுக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை.

ஒப்பிடுவது எப்படி

இரண்டு ஆம்ப் கையில் கிடைத்தால் உடனே மாற்றி மாற்றிச் செருகிக் கேட்காதீர்கள். ஒன்று அரை டெசிபல் சத்தமாக இருந்தாலும் அதுதான் தெளிவு, அதுதான் ஆழம் என்று மனம் சத்தியம் செய்யும். சத்தம் கூடியது என்று தோன்றாது, தரம் கூடியது என்றுதான் தோன்றும். அதனால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும், காதால் முடியாது, மல்டிமீட்டர் வேண்டும். போனில் 200 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றைப் போடுங்கள், மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் பொய் சொல்லத் தொடங்கும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஹெட்போன் செருகியிருக்கும்போதே இடது சேனலை அளக்கவும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அளந்தால் வால்வு ஆம்பின் எண் தப்பாக வரும், மேலே சொன்ன அந்தத் தடை வேலை செய்யாது அல்லவா. முதல் ஆம்ப் 0.500 வோல்ட் காட்டினால் இரண்டாவது 0.490-க்கும் 0.510-க்கும் நடுவில் இருக்கட்டும், அது 0.2 டெசிபலுக்குள். வால்யூம் குமிழில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்துவிட்டு இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் பார்க்கக் கூடாது. பத்துத் தடவையில் ஒன்பது சரியாகச் சொன்னால் குருட்டாம்போக்கில் அது நடக்கச் சுமார் 1 சதவீத வாய்ப்புதான், ஆக நிஜமாகவே கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு சரி என்றால் டீ குடிக்கப் போகலாம்.

கேட்பதற்கு எதைப் போடுவது? பத்து வருடமாகப் பழகிய பாட்டைப் போடுங்கள், எந்த இடத்தில் எது வரும் என்று தூக்கத்திலும் தெரிய வேண்டும். நான் யேசுதாஸின் பழைய குரலை ஒரு முறை போடுவேன், அடிக்குரல் தடித்திருக்கிறதா என்று பார்க்க. அப்புறம் செண்டை மேளம், நல்ல பதிவாகக் கிடைத்தால். பத்து முப்பது செண்டை ஒன்றாக விழுகிற இடத்தில் ஒவ்வொரு கோலும் தனியாகத் தெரிகிறதா, இல்லை கூழாகிறதா என்று பார்த்தால் கரண்ட் போதாத ஆம்ப் அங்கேயே மாட்டிக்கொள்ளும். நாதஸ்வரம் உச்சிக்குப் போகும்போது முகம் சுளிக்க வைத்தால் அது பெரும்பாலும் ஹெட்போனின் குற்றம், ஆம்பைத் திட்டாதீர்கள்.

வால்வில் எது வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கடைகளில் ட்யூப் ஆம்ப் என்று விற்பது மூன்று வகை. முதல் வகை, குட்டிப் பெட்டி, மேலே விரல் தடிமனில் இரண்டு வால்வு, 6ஜே1 என்று எழுதியிருக்கும், கீழே ஆரஞ்சு எல்இடி ஒளிரும். வால்வு எரிகிற வெளிச்சம் என்று நினைத்துக்கொள்வோம், அது எல்இடி வெளிச்சம். இவற்றில் பலதிலும் வால்வுக்கு அதற்குரிய நூற்றுச் சொச்சம் வோல்ட் கிடைப்பதே இல்லை, வேலையெல்லாம் பின்னால் இருக்கிற ஐசி பார்க்கிறது. வாங்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு, அலமாரிக்கு அழகு என்றால் வாங்குங்கள்.

இரண்டாவது, ஹைபிரிட். முன்னால் நிஜமான வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். ஷீட் நிறுவனத்தின் வாலி இந்த வகை. அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவு, எந்த ஹெட்போனையும் தள்ளும், இதனாலேயே வால்வின் குணமும் குறைவாகத்தான் தெரியும். 32 ஓம் ஹெட்போனை வைத்துக்கொண்டு வால்வு ஆசை உள்ளவருக்கு இதுதான் வழி.

மூன்றாவது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத முழு வால்வு. டார்க்வாய்ஸ் 336எஸ்இ, பாட்டில்ஹெட் க்ராக், லிட்டில் டாட் எம்கே3 எல்லாம் இந்தக் குடும்பம். முதல் இரண்டிலும் வெளியே தள்ளுகிற வால்வு 6ஏஎஸ்7 அல்லது 6080, பவர் சப்ளையில் வோல்டேஜை நிலைநிறுத்துவதற்கென்றே செய்த தடியன். ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்டில் 2.5 ஆம்பியர் குடிக்கும், அதாவது சும்மா எரிவதற்கே கிட்டத்தட்ட 16 வாட். 250, 300, 600 ஓம் ஹெட்போன் இருந்தால் இந்த வகைதான் வால்வு என்று சொல்லத் தகுதியான ஒலி. சென்ஹைசர் 600 வரிசை, பேயர்டைனமிக்கின் 250 ஓம், 600 ஓம் மாடல்கள் இவற்றோடு நன்றாகச் சேரும். அதே டிடி 770 ப்ரோவில் 32, 80, 250 ஓம் என்று மூன்று வரும், வால்வு எண்ணம் இருந்தால் 250-ஐ வாங்குங்கள். டிரான்ஸ்பார்மர் வைத்த முழு வால்வும் உண்டு, எல்லாவற்றையும் தள்ளும், எடையும் விலையும் அந்தப் பக்கம், இங்கே பேசவில்லை.

ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் இந்த மூன்றாவது வகை ஒரு உதை உதைக்கும், அதனால் ஆன் செய்து ஒரு நிமிடம் விட்டு ஹெட்போனைச் செருகுங்கள், ஆஃப் செய்யும் முன் கழற்றிவிடுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கிப் போடுகிற வோல்ட் நிற்கும்.

நம் ஊரில் வைத்து ஓட்டுவது

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் இந்தப் பக்கத்தில் ஆம்ப் தேர்வு செய்ய இதுதான் பாதி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது. ஷீட் கூரை வீட்டில் இருந்தால் திறந்த ஹெட்போன் (காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் மூடாத வகை) மழை மாதங்களில் வெறும் அலங்காரம், கூரையில் விழுகிற சத்தத்துக்கு மேலே கேட்கச் சத்தத்தை ஏற்றிக் காதைத்தான் கெடுப்பீர்கள். வால்வுக்குப் பொருத்தமான 300 ஓம் ஹெட்போன்களில் பெரும்பாலானவை திறந்த வகை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். டிடி 770 மூடிய வகை, அதனால்தான் அதை மேலே சொன்னேன்.

அடுத்து வோல்டேஜ். லைனின் கடைசியில் இருக்கிற வீடுகளில் சாயங்காலம் 190-க்கு இறங்குவது புதிதில்லை. அப்போது 6.3 வோல்ட் கிடைக்க வேண்டிய ஹீட்டருக்கு 5.2 வோல்ட்தான் கிடைக்கும். 260-க்கு ஏறினால் 7.1. இரண்டும் வால்வின் ஆயுளைத் தின்னும், 10 சதவீதம் மேல் கீழ்தான் அதற்குச் சம்மதம். அடாப்டரில் ஓடுகிற டிரான்சிஸ்டர் ஆம்புக்கு இதெல்லாம் பெரிய கவலை இல்லை, அந்த அடாப்டர்கள் 100 முதல் 240 வரை எதையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் உள்ளே டிரான்ஸ்பார்மர் வைத்தோ ஏசி அடாப்டரோடோ வருகிற ஆம்பில் பின்பக்கம் 230 என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த 115 வோல்ட் ஆம்ப் ஒரே நொடியில் புகைந்ததைப் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் நிறைந்த ஊரில் இது நடக்கத்தான் செய்யும்.

இன்வெர்ட்டர் இன்னொன்று. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்பார்மர் உள்ள ஆம்பைப் போட்டால் பெட்டியே உறுமும், அந்த உறுமல் ஹெட்போனுக்கும் வரும். சைன் வேவ் என்றால் பரவாயில்லை. இன்வெர்ட்டர் இல்லாமலே ஹம் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றால் எர்த் விவகாரம், ஆம்பை மாற்றி ஒன்றும் ஆகாது. ஐப்பசி இடி தொடங்கும்போது மெயின் பிளக்கோடு கம்ப்யூட்டரிலிருந்து வருகிற யுஎஸ்பி ஒயரையும் கழற்றுங்கள், வெறும் சுவிட்சை அணைத்தால் போதாது.

பல்லி. சிரிக்காதீர்கள். வால்வு ஆம்ப் இதமான சூடு, மேலே காற்றோட்டத் துளை, பல்லிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. போர்டின் மேல் குறுக்கே கிடந்து போர்டே கருகியதைப் பழுது பார்க்கிறவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். துளைகளுக்கு மெல்லிய ஸ்டீல் வலை போடலாம், துணி போட்டு மூடக் கூடாது. ஈரத்தில் வால்யூம் குமிழ் கரகர என்றால் கான்டாக்ட் க்ளீனர் ஒரு துளி, வால்வின் கால்கள் பச்சை பிடித்தால் அதிலேயே துடைக்கலாம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போலக் கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது மாதாந்திர வேலை.

ஆக இந்தப் பக்கத்தில் இருக்கிற ஒருவர் முதல் ஆம்ப் வாங்குகிறார் என்றால் நான் கைகாட்டுவது டிரான்சிஸ்டர்தான். 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் ஃபியோ கே11, டாப்பிங் எல்30 II போன்றவை வரும், கே11-ல் டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றுகிற பகுதி) உள்ளேயே இருக்கிறது, எல்30-க்குத் தனியாக வேண்டும். இயர்போனும் ஹெட்போனும் இரண்டும் கேட்பவர் என்றால் லோ கெயின் சுவிட்ச் (சிக்னலைக் குறைவாகப் பெருக்குவதற்கு) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் குமிழின் முதல் சிறு திருகலிலேயே சத்தம் போதும் என்றாகி, அந்த இடத்தில் பல குமிழ்களில் இடதும் வலதும் சமமாக இருக்காது. கூடுதல் வோல்ட் தருகிற 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு சாக்கெட் வேண்டுமா என்றால், மேலே போட்ட கணக்கில் வோல்ட் போதவில்லை என்றால் மட்டும்.

வால்வு இரண்டாவதாக வரட்டும், 250 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்போனும், ஓரளவு நிலையான வோல்டேஜும், சித்திரை மாதத்தில் அறைக்குள் இன்னும் 50 வாட் சூட்டைத் தாங்குகிற மனமும் இருந்தால். பழையது வாங்குவதாக இருந்தால் நேரில் போங்கள். சூடான பிறகு ரப்பர் வைத்த பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டி ஹெட்போனில் கேளுங்கள். லேசான ‘டிங்’ பரவாயில்லை, மணி அடித்தாற்போல் நீண்டால் அந்த வால்வு மாற்ற வேண்டியது, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன வால்வுகள் 5,000 முதல் 10,000 மணி நேரம் உழைக்கும், தினம் மூன்று மணி நேரம் என்றால் வருடக்கணக்கில். இன்று புது வால்வு பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று இடத்திலிருந்துதான் வருகிறது, 2022-ல் ரஷ்யாவிலிருந்து வரத்து தடைப்பட்டபோது விலை எகிறியது. ஆகவே ஆம்போடு சேர்த்தே ஒரு செட் ஸ்பேர் வாங்கிவிடுங்கள். எந்த எண் வால்வு என்று எழுதி ஆம்பின் அடியில் ஒட்டியும் வையுங்கள், 6எஸ்என்7 கேட்கிற இடத்தில் 6எஸ்எல்7 செருகினால் உள்ளே போகத்தான் செய்யும், பாடுவது வேறு மாதிரி இருக்கும்.